மூடி போட்டு எடுத்த படம்

வியாழக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், கணினித் திரையில் அந்தத் தூசியை அவள் முதன்முதலாகப் பார்த்தாள். பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. பயம் வரவில்லை. அன்றைக்கே பயந்திருக்க வேண்டும் என்று பிற்பாடு எத்தனையோ தடவை தன்னையே திட்டிக்கொண்டாள்.

இரண்டு ராத்திரி மொட்டை மாடியில் கிடந்து எடுத்த படம் அது. தொலைநோக்கியின் பின்பக்கம் கேமராவை மாட்டி, வானத்தில் ஒரே ஒரு சுருள் விண்மீன் மண்டலத்தைக் குறிவைத்து, இரண்டிரண்டு நிமிடமாக இருநூற்று நாற்பது படங்கள். தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சாம்பல் பூசிய தட்டு மாதிரி இருக்கும். அத்தனையையும் நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் பொருத்தி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால்தான், இரைச்சல் அடங்கி, உள்ளே பதுங்கியிருக்கும் சுருள் மெல்லத் தலைகாட்டும்.

"படத்துல எப்படி அண்ணி இரைச்சல் வரும்? வாயத் திறந்து பேசுதா?" என்று ஒருமுறை நாத்தனார் கேட்டாள். கணவனின் தங்கை. அண்ணன் வீட்டிலேயே தங்கி, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வீட்டில் அவளுக்கு வானொலி என்று பெயர். நிறுத்தும் பொத்தான் இல்லாத வானொலி.

"பேசுற மாதிரிதான். பெரிய கூட்டத்துல ஒருத்தர் சொல்றதக் காது குடுத்துக் கேக்குறோம்னு வெச்சுக்கோ. சுத்தி நிக்கிறவங்க ஆளுக்கு ஒண்ணு உளறுறாங்க. அவர் மட்டும் ஒரே வார்த்தையத் திரும்பத் திரும்பச் சொல்றார். நூறு தடவை கேட்டா உளறல் ஒண்ணை ஒண்ணு அடிச்சிட்டுப் போயிடும். அந்த வார்த்தை மட்டும் நிக்கும்."

"நம்ம வீட்ல திரும்பத் திரும்பச் சொல்றது நான் ஒருத்திதானே?"

"நீ வார்த்தையா உளறலான்னு இன்னும் நாங்க அடுக்கிப் பாக்கல," என்றான் அண்ணன்காரன்.

அடுக்கினாலும் அடங்காத இரைச்சல் ஒன்று உண்டு. அது கேமராவின் சொந்தச் சரக்கு. அதைக் கண்டுபிடிக்க, தொலைநோக்கியின் வாயில் மூடியைப் போட்டு, அதே இரண்டு நிமிடத்துக்கு, வெளிச்சமே புகாமல் படம் எடுப்பாள். அந்த இருட்டிலும் ஒரு புள்ளி தெரிந்தால் அது வானத்தில் இல்லை; கருவிக்குள் இருக்கிறது. கழித்துவிடலாம். இன்னொரு தந்திரமும் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் தொலைநோக்கியை மயிரிழை அளவுக்கு நகர்த்துவாள். வானத்தில் இருப்பது வானத்தோடு நகரும். கருவியில் இருப்பது நின்ற இடத்திலேயே நிற்கும், நின்று மாட்டிக்கொள்ளும்.

வியாழக்கிழமை பார்த்த தூசி, சுருளின்மேல் மிளகுத்தூள் தூவியது போல இருந்தது. நடுவில் ஒரு கறுப்பு நூல், வால் மாதிரி வளைந்து. கேமராவின் கண்ணாடியில் தூசி உட்கார்ந்தால் இப்படித்தான் நிழல் விழும். சாயங்காலம் வந்து ஊதுபந்தால் ஊதி, துடைத்து, கணவனின் பழைய வெள்ளைச் சட்டையைத் தொலைநோக்கியின் வாயில் இழுத்துக் கட்டி, சமமான வெளிச்சத்தில் மறுபடி சரிபார்ப்புப் படம் எடுத்தாள். அதைக் கொண்டு தூசி நிழலையும் மூலை இருட்டையும் சமன்செய்துவிடலாம். சமன்செய்தாள். தூசி போகவில்லை.

வெள்ளிக்கிழமை, அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், நுண்ணோக்கியில் அணுக்களை எண்ணும்போது அங்கேயும் ஒரு நூல் மிதந்தது. "யாரு இத துடைக்காம வெச்சது?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் எரிந்து விழுந்து, தானே துடைத்தாள். அன்று இரவு படுக்கப்போகும்போது கண்ணோரத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் வெட்டியது. "எங்கேயோ மின்னுது. நாளைக்கு மேகம் வந்து கெடுக்கப்போகுது," என்று போனை எடுத்து வானிலையைப் பார்த்தாள். வானம் தெளிவு என்று போட்டிருந்தது. இந்த வானிலைக்காரர்கள் எப்போதுமே இப்படித்தான் என்று முணுமுணுத்தபடி தூங்கிப்போனாள்.

சனிக்கிழமை படத்தின் கீழ் இடது மூலை இருட்டாகத் தெரிந்தது. மூலைகள் மங்குவது வழக்கம்தான். ஆனால் மங்கினால் நான்கும் மங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைப் பரப்பிக்கொண்டு, நான்காவது முறையாக அடுக்கி முடித்தாள். தடிமனான கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டுத் திரைக்கு அருகே குனிந்தாள்.

"இன்னும் இருக்கு. அந்த மூலை நேத்தைக்கு விட இருட்டா இருக்கு."

எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த கணவன் எழுந்து வந்து பின்னால் நின்றான். லிஃப்ட் மெக்கானிக். எதைப் பார்த்தாலும் முதலில் ஆணி எங்கே என்று தேடுகிற ஆள். "எந்த மூலை?"

"கீழ, இடது பக்கம்."

"நாலும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

"நீங்க ஒழுங்கா பாக்கல."

"லிஃப்ட் தரையிலேர்ந்து ஒரு நூல் கீழ நின்னா கண்டுபிடிக்கிறவன் நான். என்னப் போய்ப் பாக்கலங்கிற."

"தள்ளுங்க, நான் பாக்குறேன்," என்று வானொலி இடையில் புகுந்தாள். "தூசியும் இல்ல, தும்பும் இல்ல அண்ணி. அழகா, முட்டைய உடைச்சுச் சுத்தி விட்ட மாதிரி இருக்கு. நீங்க இதையே வெச்சுக்கிட்டு மூணு நாளா அழுதுட்டிருக்கீங்க."

"இதோ, இந்தப் புள்ளி உனக்குத் தெரியல?"

"எந்தப் புள்ளி?"

கணவன் சிரித்தான். "கேமராவத் துடைச்சாச்சு. என் சட்டையக் கிழிக்காத குறை. மூடி போட்டும் எடுத்தாச்சு. எங்க வேலையில ஒண்ணு சொல்லுவோம். எல்லாப் பாகத்தையும் மாத்திப் பாத்தும் கோளாறு போகலன்னா, கடைசியா புகார் குடுத்த ஆள மாத்திப் பாரு."

"ஓகோ, என்னையே மாத்தப் போறீங்களா?"

"பாகம் கிடைக்குமான்னு விசாரிக்கணும்."

மூன்று பேரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, கை பழக்கத்தில், சுட்டியால் படத்தைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தாள். சுருள் நகர்ந்தது. நட்சத்திரங்கள் நகர்ந்தன.

தூசி நகரவில்லை.

மறுபடி இழுத்தாள். மண்டலம் திரையின் ஓரத்துக்கே போய்விட்டது. மிளகுத்தூள் அதே இடத்தில் இருந்தது. திரையிலிருந்து பார்வையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள். தூசியும் கூடவே வந்து, ஒரு கணம் தாமதித்து, தண்ணீரில் கரி மிதப்பதுபோல் ஆடி, வெள்ளைச் சுவரின்மேல் நின்றது.

கருவியில் இருப்பது கருவியோடு நிற்கும். எந்தக் கருவி என்று கேட்க அவளுக்கு மூன்று நாள் தோன்றவில்லை.

"என்னாச்சு?" என்றான் கணவன்.

"ஒண்ணுமில்ல. இருங்க, வந்துடறேன்."

குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அங்கே ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்து, கதவிடுக்கில் துண்டைச் செருகினாள். கண்களை மூடி, இரண்டு உள்ளங்கைகளையும் மேலே வைத்து அழுத்தாமல் பொத்திக்கொண்டாள். இருநூறு தடவை தொலைநோக்கிக்குச் செய்த காரியம். இப்போது தனக்கே செய்துகொள்ள வேண்டியிருந்தது. வெளிச்சமே புகாத இருட்டு. ஒன்றும் தெரியக் கூடாது. ஒன்றும் தெரிந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு, மூடிய இமைக்குள் விழியை மெல்ல வலப்பக்கம் திருப்பினாள்.

வலது ஓரத்தில், வில் மாதிரி, ஒரு நீல வெளிச்சம் வெட்டி மறைந்தது.

ஒரு தடவை பார்த்ததை நம்பக் கூடாது என்பது அவள் தொழிலிலும் பொழுதுபோக்கிலும் கற்ற பாடம். மறுபடி திருப்பினாள். வெட்டியது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. பத்து வரைக்கும் எண்ணினாள். இரைச்சலாக இருந்தால் சேரச் சேர அடங்க வேண்டும். இது சேரச் சேரத் தெளிந்துகொண்டே வந்தது.

விளக்கைப் போட்டு இடது கண்ணைப் பொத்தினாள். வலது கண்ணால் மட்டும் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். கீழ் இடது மூலையிலிருந்து, அலை மாதிரி விளிம்புள்ள ஒரு சாம்பல் திரை எழும்பி நின்றது. அவளுடைய தோள் அதற்குள் இருந்தது. தோள் இல்லை. இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

"வண்டிச் சாவிய எடு," என்றாள் கணவனைப் பார்த்து. "படத்துல இல்ல. என் கண்ணுல இருக்கு. வலது கண்ணு பாதி போயிட்டிருக்கு. நீ எடு சாவிய!"

மற்றவர் முன்னால் அவள் அவனை நீ என்று சொன்னதே கிடையாது. அதைச் சொல்லிக் கேலி செய்ய வானொலி வாயைத் திறந்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். அந்த வீட்டில் வானொலி தானாக நின்றது அன்றுதான்.

கண் மருத்துவமனைக்குக் கணவன்தான் போன் செய்தான். அவசரப் பிரிவில் ஒரு பெண்குரல், எத்தனை பவர் கண்ணாடி, எப்போதிலிருந்து, திரை எந்தப் பக்கம் என்று வரிசையாகக் கேட்டது. ஒன்பதுக்கு மேல் பவர் என்றதும் அந்தக் குரலின் வேகம் மாறியது. "அவ்வளவு பவர் இருக்கிற கண்ணுல விழித்திரை சீக்கிரம் கிழியும். உடனே கூட்டிட்டு வாங்க. இனிமே எதுவும் சாப்பிட வேண்டாம், தண்ணிகூட வேண்டாம். படுக்க வெச்சே கூட்டிட்டு வாங்க. தலை குலுங்கக் கூடாது. புரியுதா? குலுங்கவே கூடாது."

இருந்தது கம்பெனி வேன் ஒன்றுதான். பின்னால் ஏணி, சங்கிலி, எண்ணெய் டப்பா. அத்தனையையும் வாசலில் இறக்கிப் போட்டுவிட்டு, மெத்தையை மடித்து உள்ளே விரித்தார்கள். அவன் மெத்தையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டான். வானொலி ஓட்டினாள்.

"வேகமா போ," என்றான் அவன்.

"குலுங்கக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?"

"அதுக்காகக் கத்துக்குடுக்கிற வேகத்துலயா போவ?"

"அண்ணே, ஒரு நாளைக்குப் பன்னெண்டு பேர் என் உயிரோட விளையாடுறாங்க. எந்தக் குழி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். நீ தலையப் பிடி, நான் ரோட்டப் பிடிக்கிறேன்."

வேனின் கூரையில் ஆணித் தலைகள் ஒரே வரிசையாக ஓடின. அவள் இடது கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் இருந்த ஆணியை வலது கண்ணால் உற்றுப் பார்த்தாள். பார்வையை அசைக்காமல் இடப்பக்கமாக எண்ணினாள். ஐந்தாவது ஆணி வரை தெரிந்தது. ஆறாவது திரைக்குள் இருந்தது.

வேகத்தடை ஒன்று வந்தது. வானொலி குழந்தையைத் தொட்டிலில் இறக்குவதுபோல வண்டியை அதன்மேல் ஏற்றி இறக்கினாள். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். "அடிச்சுக்கோ! மேல பறந்து போ!" என்று அவள் கத்துவது கேட்டது.

மறுபடி எண்ணினாள். ஐந்து. நல்லது. சிக்னலில் நின்றபோது எண்ணினாள். நாலு. தப்பாக எண்ணியிருப்பேன், நடு ஆணி மாறியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மறுபடி எண்ணினாள். நாலுதான். திரை பேசாமல், அவசரமே இல்லாமல், மேலே வந்துகொண்டிருந்தது. அது நடு ஆணியைத் தொட்டால் என்ன ஆகும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஓரங்கள் போனால் வழியில் இடித்துக்கொள்ளலாம். நடு போனால் எழுத்து போகும், அணுக்கள் போகும், முகங்கள் போகும். இடது கண்ணுக்கும் அதே பவர்தான். இன்று இது என்றால் அது என்றைக்கு?

"எத்தனை தெரியுது?" என்றான் கணவன். அவள் எண்ணுவதை அவன் கண்டுகொண்டிருந்தான்.

"அஞ்சு."

"அப்போ அப்படியேதான் இருக்கு."

"அப்படியேதான் இருக்கு."

அவன் உள்ளங்கை அவள் நெற்றியில் ஈரமாக இருந்தது. ஒரு வளைவில் வண்டி லேசாக அசைந்தது. மூன்று. இடது கண்ணிலிருந்து வழிந்தது காதுக்குள் இறங்கியது. அவள் அதன்பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டு இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டாள். மூடிய பிறகும் அந்த நீல வில் வெட்டிக்கொண்டேயிருந்தது.

மருத்துவமனையில் சொட்டுமருந்து ஊற்றி, கண்பாவை விரியக் காத்திருக்கச் சொன்னார்கள். முக்கால் மணி நேரம். சுவரில் கடிகாரம் இருந்தது. அவளால் முட்களைப் பார்க்க முடியவில்லை. மருந்தினால்தான் என்று செவிலி சொன்னாள். மருந்தினால்தானா, இல்லை முடிந்தேவிட்டதா என்று அவளுக்குத் தெரிந்துகொள்ள வழியில்லை. வானொலி பக்கத்தில் உட்கார்ந்து அவள் புடவைத் தலைப்பின் நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"ஏதாவது பேசேன்," என்றாள் அவள்.

"என்ன பேசறது அண்ணி?"

"நீ பேசலன்னா எனக்கு இன்னும் பயமா இருக்கு."

வானொலி மூச்சை இழுத்துவிட்டு, நேற்று வந்த ஒரு மாணவர் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னதும் இறங்கி வண்டியைத் தள்ளப் போனதைப் பற்றி ஆரம்பித்தாள். பாதியில் குரல் உடைந்தது. ஆனாலும் விடாமல் சொல்லி முடித்தாள்.

மருத்துவர் குள்ளமான பெண்மணி. நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு கண்ணாடி வில்லையைப் பிடித்து, மேலே பார், கீழே பார், வலப்பக்கம் பார் என்று சொல்லிச் சொல்லி உள்ளே தேடினார். வெளிச்சம் மண்டைக்குள் குத்தியது. வெகுநேரம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். மருத்துவர்கள் பேசாமல் பார்ப்பதன் அர்த்தம், பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவளுக்குத் தெரியும்.

"எத்தனை நாளா புள்ளி தெரியுது?"

"வியாழக்கிழமையிலேர்ந்து."

"இன்னைக்கு ஞாயிறு. மூணு நாள் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

"கேமராவத் துடைச்சிட்டிருந்தேன்."

மருத்துவர் வில்லையைக் கீழே வைத்தார். விஷயத்தைக் கணவன் சுருக்கமாகச் சொன்னான். சொல்லும்போது, தூசி இல்லை என்று தான் சிரித்ததையும் சேர்த்துச் சொன்னான். மருத்துவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.

"விழித்திரையில மேல வலது பக்கம் ஒரு கிழிசல். அது வழியா தண்ணி உள்ள போய், சுவத்துலேர்ந்து சுண்ணாம்பு உரியுற மாதிரி உரிஞ்சுக்கிட்டு வருது. கண்ணுக்குள்ள படம் தலைகீழாத்தான் விழும். அதான் உங்களுக்குக் கீழ இடது பக்கம் இருட்டு."

"நடு?" என்றாள் அவள்.

"நடு இன்னும் ஒட்டிக்கிட்டுதான் இருக்கு. ஆனா உரியல் பக்கத்துல வந்துடுச்சு. காலையில நீங்க வராம, நாளைக்கு வேலை முடிச்சுட்டு வரலாம்னு இருந்திருந்தா..." மருத்துவர் அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டார். "மூணு மணிக்கு ஆபரேஷன். உள்ள கிழிசல ஒட்டவெச்சு, ஒரு வாயுக் குமிழ விடுவோம். அது விழித்திரைய அமுக்கிப் பிடிச்சுக்கும். ஒட்டும்னுதான் நம்புறேன். உறுதியாச் சொல்லச் சொல்லாதீங்க."

சம்மதப் படிவத்தில் கணவன் கையெழுத்துப் போட்டான்.

மயக்கம் கொடுக்கவில்லை. கண்ணைச் சுற்றி மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். முகத்தைத் துணியால் மூடினார்கள். ஊசி ஏற ஏற, வலது கண்ணில் இருந்த வெளிச்சம் விளக்குத் திரியை இறக்குவதுபோல் இறங்கி அணைந்தது. மருந்தின் வேலைதான், ஆபரேஷன் முடிந்தால் திரும்பும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சொல்லி என்ன? இதுவரை இருந்த இருட்டிலெல்லாம் ஏதோ ஒரு புள்ளி, ஒரு கீற்று, ஒரு உளறல் இருந்தது. இதில் ஒன்றுமே இல்லை. இத்தனை வருடம் அவள் துரத்தித் துரத்திக் கழித்த இரைச்சலில் ஒரு துளியாவது திரும்பி வராதா என்று ஏங்கினாள். ஒரே ஒரு தூசி போதும்.

"யாராவது என் கையப் பிடிச்சுக்கங்களேன்," என்றாள் துணிக்கு அடியிலிருந்து.

யாரோ பிடித்தார்கள். கையுறை போட்ட கை. கடைசிவரை விடவில்லை. அது யார் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அதன்பிறகுதான் நிஜமான தண்டனை. குமிழ் மேலே மிதக்கும் குணமுள்ளது. அது விழித்திரையின் பின்பக்கத்தை அமுக்க வேண்டுமென்றால், அவள் முகம் தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். ஏழு நாள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும். மாடியில் மல்லாந்து கிடந்தே பழகியவளைக் கடவுள் திருப்பிப் போட்டுவிட்டார் என்றாள் வானொலி.

கட்டிலின் தலைமாட்டைத் தாண்டி முகம் வெளியே தொங்கும்படி, கணவன் ஒரு பலகையை அறுத்து, நெற்றிக்கும் தாடைக்கும் பஞ்சு வைத்துச் சட்டம் செய்துகொடுத்தான். இரண்டாம் நாள் மதியம், அவள் பேசாமல் தரையின் ஓடுகளையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அவன் கீழே ஊர்ந்து வந்து, அவள் முகத்துக்கு நேர் கீழே மல்லாந்து படுத்தான்.

"என்ன இது?"

"லிஃப்டுக்கு அடியில படுத்துத்தான் எனக்குச் சம்பளம். இப்ப உனக்கு அடியில படுக்கிறேன்."

திறந்திருந்த இடது கண்ணால் அவனைப் பார்த்தாள். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"ஒட்டலன்னா?" என்றாள்.

"ஒட்டும்."

"டாக்டரே உறுதியாச் சொல்லல. நீங்க எப்படிச் சொல்றீங்க?"

"வேன்ல அஞ்சுன்னு சொன்னியே. பொய்தானே?"

"...கடைசியா மூணு."

"தெரியும். எண்ணும்போது உன் விரல் என் முழங்கால்ல தட்டிக்கிட்டே வந்துது. அஞ்சு தட்டு, நாலு தட்டு, அப்புறம் மூணு. அதுக்கப்புறம் நிறுத்திட்ட. நீ நிறுத்தினதும் எனக்கு உயிரே போயிடுச்சு." அவன் குரல் கரகரத்தது. "மூலை இருட்டா இல்லன்னு அன்னைக்கு நானே சொன்னேன். சொன்னவன் சிரிக்காம, ‘அப்போ எனக்குத் தெரியாதது உனக்கு மட்டும் ஏன் தெரியுது’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அவள் கண்ணீர் நேராக அவன் மூக்கின்மேல் விழுந்தது. அவன் துடைக்கவில்லை.

"நகருங்க, இன்னும் விழும்."

"விழட்டும். எனக்கு வேற வேலை இல்ல."

கண் கட்டைப் பிரித்த நாளில் வலது கண்ணில் எல்லாம் பால்கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல்தான் தெரிந்தது. கை அசைந்தால் அசைவு தெரியும், கை தெரியாது. குமிழ் கரையும் வரை அப்படித்தான் என்றார்கள். வாயு முழுவதும் போகும்வரை விமானம் ஏறக் கூடாது, மலை ஏறக் கூடாது. நாளாக ஆக, குமிழின் விளிம்பு, தொட்டியில் தண்ணீர் வற்றுவதுபோல் கீழே இறங்கியது. அதற்கு மேலே உலகம் தெரிய ஆரம்பித்தது. முதலில் மின்விசிறி. பிறகு ஜன்னலின் மேல்கட்டை. நடு எப்போது வெளியே வரும், வந்தால் அங்கே என்ன இருக்கும் என்ற பயத்தில், தினமும் காலையில் வலது கண்ணைக் கடைசியாகத்தான் திறந்தாள். வெறும் அசைவை விடத் தெளிவாக எதையும் அதனிடம் கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

மூன்றாவது வாரம், சோதனை அறையில், செவிலி அவள் இடது கண்ணை ஒரு கரண்டி மாதிரியான அட்டையால் மூடினாள். எதிர்ச் சுவரில் வெளிச்சப் பலகை. வரிசை வரிசையாக எண்கள். மேலே பெரிதாக, கீழே போகப் போகச் சிறிதாக. குமிழ் இப்போது காலடியில் உருளும் சின்னக் கோலிக்குண்டாகச் சுருங்கியிருந்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை. இருப்பது இருக்கும், இல்லாதது இல்லை.

அவள் பலகையைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேரா பாருங்கம்மா. எதுவரைக்கும் தெரியுதோ படிங்க."

தலையைத் தூக்கினாள். முதல் வரி பெரியது, யாருக்கும் தெரியும். படித்தாள். இரண்டாவது. மூன்றாவது வரியில் குரல் நடுங்கியது, ஆனால் எண்கள் நடுங்கவில்லை. நான்காவது வரியில் நின்றாள். நாலு எண்கள். முதலாவது ஏழு. இரண்டாவது இரண்டு. மூன்றாவதில் கண் தயங்கியது. புகை மூட்டம் மாதிரி ஒன்று அதன்மேல் இருந்தது. இமைத்தாள். மறுபடி பார்த்தாள்.

அவள் நாற்காலிக்குப் பின்னாலிருந்து, பரீட்சை மண்டபத்தில் பின்பெஞ்சுக்காரன் சொல்லிக்கொடுப்பதுபோல ஒரு கிசுகிசுப்பு வந்தது.

"எட்டு... எட்டு..."

"சார்! நீங்க சொல்லக் கூடாது!" என்று செவிலி அதட்டினாள்.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அண்ணே, உன்ன யாரு உள்ள விட்டாங்க?" என்று வாசலிலிருந்து வானொலி சீறினாள்.

அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. வலது கண்ணை அந்த எண்ணின்மேலேயே வைத்திருந்தாள். ஒரு தடவை பார்த்தாள். மறுபடி பார்த்தாள். மூன்றாவது தடவையும் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அது அதையேதான் சொன்னது. இடப்பக்கம் திறந்திருந்தது, இரண்டு வளைவு, நடுவில் ஒரு சின்ன மூக்கு.

"எட்டு இல்லங்க," என்றாள். "மூணு."

செவிலி பலகையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். "மூணுதான். சார், நீங்க அடுத்து உக்காருங்க. உங்களையும் பாத்துடலாம்."

அவள் திரும்பியபோது, லிஃப்ட் மெக்கானிக் சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.